இடருக்கு அஞ்சும் விவசாயி ஏன் காப்பீடு எடுப்பதில்லை?

முதுகலைப் பொருளாதாரம் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கும் கேள்வி இது: "இடருக்கு அஞ்சுகிறவர் காப்பீடு வாங்குவார் என்று பாடத்தில் படிக்கிறோம். களப்பணிக்குப் போன ஊரில், மற்ற எல்லாரையும்விட அதிகமாக அஞ்சுகிற மானாவாரி விவசாயிதான் காப்பீடு வேண்டாம் என்கிறார். கோட்பாடு தப்பா, அவர் தப்பா?"

இரண்டும் தப்பில்லை என்பதுதான் என் பதில். பாடத்தில் வருகிற காப்பீடு வேறு, அந்த விவசாயியிடம் நீட்டப்படுகிற காப்பீடு வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். இதைச் சரியாக விளக்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1713இல் நிக்கோலஸ் பெர்னூலி ஒரு புதிர் போட்டார். பின்னால் நிலைத்துப்போன வடிவில் அது இப்படி: தலை விழும்வரை காசு சுண்ட வேண்டும். முதல் தடவையே தலை விழுந்தால் ஒரு டுகாட் (அந்தக் காலத்துத் தங்கக் காசு), இரண்டாம் தடவை விழுந்தால் இரண்டு, மூன்றாம் தடவை என்றால் நான்கு. இப்படி இரட்டித்துக்கொண்டே போகும். சராசரி வரவைக் கணக்குப் போட்டால் அதற்கு முடிவே இல்லை. ஆனாலும் இந்த வாய்ப்பைக் கையில் வைத்திருக்கும் எவரும் 20 டுகாட் கிடைத்தால் சந்தோஷமாக விற்றுவிடுவார். அப்படியானால் மனிதர்கள் சராசரி வரவைப் பார்த்து முடிவெடுப்பதில்லை.

அவருடைய உறவினர் டேனியல் பெர்னூலி 1738இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழக வெளியீட்டில் விடை எழுதினார். ஒரு ரூபாயின் மதிப்பு அந்த ரூபாயில் இல்லை, அது யார் கையில் விழுகிறது என்பதில் இருக்கிறது. இருப்பு கூடக்கூட அடுத்த ரூபாய் தரும் பயன்பாடு குறைந்துகொண்டே போகும். கணக்குக்கு அவர் மடக்கையை (logarithm) பயன்படுத்தினார்.

பெரும்பாலான பாடநூல்கள் காசு சுண்டும் புதிரோடு நின்றுவிடுகின்றன. அதே கட்டுரையில் வரும் வணிகர் காயஸின் கதையை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியின் முதல் பாதி அங்கேதான் இருக்கிறது. காயஸ் பீட்டர்ஸ்பர்க்காரர். ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்கியிருக்கிறார். ஊர் வந்து சேர்ந்தால் 10,000 ரூபிளுக்கு விற்கலாம். அந்தப் பருவத்தில் அந்த வழியில் வரும் 100 கப்பலில் 5 மூழ்கிவிடும். காப்பீட்டுக்காரர் கேட்பது 800 ரூபிள். சராசரி நட்டம் 500 ரூபிள்தான், அதனால் 800 அநியாயமாகத் தெரிகிறது. அவர் காப்பீடு எடுக்கலாமா? பெர்னூலியின் விடை: இந்தச் சரக்கு போக அவரிடம் 5,043 ரூபிளுக்குக் குறைவாக இருந்தால் எடுப்பதுதான் புத்திசாலித்தனம், அதற்கு மேல் இருந்தால் வேண்டாம். அதே 800 ரூபிளுக்குக் காப்பீடு கொடுப்பவரிடம் குறைந்தது 14,243 ரூபிள் இருக்க வேண்டும். இல்லையென்றால் கொடுப்பது அவருக்கு நல்லதில்லை.

இதன் அழகைப் பாருங்கள். ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே விலை. இல்லாதவருக்கு வாங்குவது சரி, இருப்பவருக்கு விற்பது சரி, இரண்டு பேருக்கும் லாபம். காப்பீடு என்ற தொழில் ஏன் நிற்கிறது என்பதற்கு 1738இலேயே கணக்கு கிடைத்துவிட்டது. இதன்படி பார்த்தால், கையில் ஒன்றும் இல்லாத சிறு விவசாயிதான் முதல் ஆளாக வரிசையில் நிற்க வேண்டும்.

1944இல் ஜான் வான் நியூமனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னும் இதற்குக் கட்டுக்கோப்பான அடித்தளம் போட்டார்கள். சில எளிய விதிகளை ஒருவர் ஒத்துக்கொண்டால், அவர் 'எதிர்பார்க்கும் பயன்பாட்டை', அதாவது நிகழ்தகவால் எடைபோட்ட சராசரிப் பயன்பாட்டைப் பெரிதாக்குகிறவர் போலவே நடப்பார் என்று காட்டினார்கள். 1954இல் லியனார்டு சாவேஜ் அதை இன்னும் விரித்தார். நிகழ்தகவு வெளியிலிருந்து தரப்படாவிட்டாலும், முடிவெடுப்பவரின் தேர்வுகளிலிருந்தே அவர் மனத்திலுள்ள நிகழ்தகவை எடுத்துவிடலாம் என்றார். பரீட்சைக்கு இது போதும், உங்கள் கேள்விக்கு இதற்கு மேல் தேவையில்லை.

தேவைப்படுவது அதற்கு வந்த மறுப்பு. பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் மோரிஸ் அலே 1950களின் தொடக்கத்தில் ஒரு கேள்வி வைத்தார். உறுதியாக 10 கோடி பிராங்கு வேண்டுமா? அல்லது 10 விழுக்காடு வாய்ப்பில் 50 கோடி, 89 விழுக்காட்டில் 10 கோடி, ஒரு விழுக்காட்டில் ஒன்றுமில்லை என்பது வேண்டுமா? பெரும்பாலோர் உறுதியானதை எடுப்பார்கள். அடுத்து: 11 விழுக்காடு வாய்ப்பில் 10 கோடியா, 10 விழுக்காடு வாய்ப்பில் 50 கோடியா? இங்கே பெரும்பாலோர் 50 கோடிக்குப் போவார்கள். இரண்டு கேள்வியிலிருந்தும் பொதுவான 89 விழுக்காட்டுப் பகுதியைக் கழித்துப் பாருங்கள், இரண்டும் ஒரே கேள்வி. விதிப்படி ஒரே விடைதான் வர வேண்டும். சாவேஜே முதலில் அப்படித்தான் 'தவறாக'த் தேர்ந்தெடுத்தார். பிறகு யோசித்து, திருத்திக்கொள்ள வேண்டியது தன் தேர்வைத்தான் என்று தம் நூலில் எழுதினார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் எனக்கு அலேயின் பக்கமே சாய்வு. உறுதி என்பதற்கு மனிதர்கள் தனி விலை கொடுக்கிறார்கள். அது கணக்குப் பிழை இல்லை, அவர்கள் விரும்பும் ஒரு பொருள். இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: உறுதியைத் தராத ஒன்றை உறுதி என்று விற்றால் என்ன ஆகும்?

அதற்குப் போகுமுன் ஒரு களச் சான்று. ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்ற பொருளாதார அறிஞர், ஐதராபாத் அருகே பட்டாஞ்செருவில் உள்ள இக்ரிசாட் ஆய்வு நிலையத்தோடு சேர்ந்து, மகபூப்நகர், சோலாப்பூர், அகோலா பக்கத்து ஊர்களில் விவசாயிகளிடம் உண்மையான பணத்தை வைத்து ஆட்டம் நடத்தினார். முடிவுகள் 1980இல் வந்தன. காசு சுண்டுவதற்கு முன் ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் வகையில் பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும் 50 ரூபாய். அடுத்ததில் 45 அல்லது 95. பிறகு 40 அல்லது 120, 30 அல்லது 150, 10 அல்லது 190 என்று போய், கடைசியில் ஒன்றுமில்லை அல்லது 200. கீழே போகப் போகச் சராசரி கூடும், கூடவே இடரும் கூடும். கடைசி இரண்டுக்கும் சராசரி ஒன்றேதான், இடர் மட்டும் கூடுதல்.

சின்னத் தொகைக்கு ஆடியபோது தேர்வுகள் பல பக்கம் சிதறின. தொகை பெரிதானதும் கிட்டத்தட்ட எல்லாரும் நடுவில் வந்து கூடினார்கள். அதாவது மிதமாக இடருக்கு அஞ்சுகிறவர்கள். முக்கியமானது என்னவென்றால், இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இந்த அச்சத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 'ஏழை விவசாயி இயல்பிலேயே பயந்தவர், அதனால்தான் முன்னேறவில்லை' என்று சொல்லித் திரிந்தவர்களுக்கு இது நேரான பதில். மனம் ஒன்றுதான். கடன் கிடைக்கிறதா, விழுந்தால் தாங்க ஏதாவது இருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

இந்த முடிவு பெர்னூலிக்கும் ஓர் இடைஞ்சல். மொத்தச் சொத்தோடு சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்றால், பத்து ஏக்கர்க்காரரும் கூலிக்காரரும் இப்படி ஒரே மாதிரி ஆடியிருக்க மாட்டார்கள். அவர்கள் அந்த ஆட்டத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முந்தின ஆண்டு, 1979இல், டேனியல் கானெமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் எழுதியதோடு இது பொருந்துகிறது: மனிதர்கள் மொத்தச் சொத்தைப் பார்ப்பதில்லை, நிற்கிற இடத்திலிருந்து ஏற்றமா இறக்கமா என்று பார்க்கிறார்கள், இறக்கம் ஏற்றத்தைவிட அதிகமாக வலிக்கிறது.

சரி, மகபூப்நகருக்கே திரும்புவோம். 2003இல் அங்கே பேசிக்ஸ் என்ற நுண்கடன் நிறுவனமும் ஐசிஐசிஐ லாம்பார்டு என்ற காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து மழைக் காப்பீடு கொண்டுவந்தன. விவசாயியின் வயலை யாரும் போய்ப் பார்க்க வேண்டாம். குறிப்பிட்ட மழைமானியில் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே மழை பெய்தால் பணம் வந்துவிடும். ஏமாற்ற முடியாது, சர்வே செலவு இல்லை. புதிய யோசனை போலத் தெரியும், ஆனால் மைசூர் சமஸ்தானத்தில் ஜே. எஸ். சக்ரவர்த்தி என்பவர் 1920இலேயே மழையளவை வைத்துப் பயிர்க் காப்பீடு தரலாம் என்று முழுத் திட்டமும் எழுதி வெளியிட்டிருக்கிறார். நம் பாடத்திட்டத்தில் அவர் பெயர் இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இந்த மழைக் காப்பீட்டை யார் வாங்கினார்கள் என்று ஜினே, டவுன்சென்ட், விக்கரி மூவரும் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். நீங்கள் கண்டதே அவர்களுக்கும் கிடைத்தது. இடருக்கு அதிகம் அஞ்சுகிறவர்கள் குறைவாக வாங்கினார்கள். ஆனால் இன்னொன்றும் கிடைத்தது: அந்த நிறுவனத்தோடு பழக்கமில்லாதவர்களிடம்தான் இந்தப் போக்கு அழுத்தமாக இருந்தது. ஊருக்குள் அறிமுகமான அமைப்புகளில் இருந்தவர்கள் வாங்கினார்கள்.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. என் அப்பா முதுகுளத்தூர்ப் பக்கம் மானாவாரியில் நெல்லும் மிளகாயும் போட்டவர். வானம் பார்த்த பூமி. ஒரு வருடம் பிரீமியம் கட்டினார். எங்கள் வயலில் கதிர் வரும் நேரத்தில் மழை நின்றுபோய் முக்கால்வாசி மணி பிடிக்காமல் சாவியாகிவிட்டது. ஆனால் ஊரின் சராசரி விளைச்சல் இழப்பீட்டு எல்லைக்கு மேலே நின்றுவிட்டது, எங்களுக்கு ஒரு பைசா வரவில்லை. மறு வருடம் கட்டவில்லை. "போன வருசம் வெள்ளாமையும் போச்சு, கட்டின காசும் போச்சு" என்றார். நான் அப்போது கல்லூரி மாணவன். அப்பாவுக்குக் காப்பீடு என்றால் என்னவென்று புரியவில்லை என்று நினைத்தேன். புரியாதது எனக்குத்தான் என்பது தெரிய வெகுகாலம் ஆயிற்று.

அந்த ஒரு வரியைத்தான் டேனியல் கிளார்க் 2016இல் கணிதமாக எழுதினார். மழைமானியும் வயலும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. வயல் காய்ந்து மானி காயாமல் போனால், விவசாயி பயிரையும் இழக்கிறார், பிரீமியத்தையும் இழக்கிறார். அதாவது அவருடைய வாழ்க்கையின் ஆக மோசமான நாளை இந்தக் காப்பீடு இன்னும் மோசமாக்குகிறது. இடருக்கு அதிகம் அஞ்சுகிறவர் என்றால் யார்? அந்த ஆக மோசமான நாளை மற்ற எதையும்விடப் பெரிதாக நினைக்கிறவர். அப்படிப்பட்டவர் இதை வாங்காமல் இருப்பதுதான் அறிவு. கோட்பாட்டை மீறி அவர் நடக்கவில்லை, கோட்பாட்டின் சொற்படிதான் நடக்கிறார்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன், நீங்களும் உட்கார்ந்து போடுங்கள். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. நல்ல பருவத்தில் 60,000 ரூபாய், கெட்டுப்போனால் 10,000. இருபது பருவத்தில் நான்கு கெடும். சராசரி 50,000. காப்பீடு 40,000 தரும், பிரீமியம் 8,000. இருபதில் நான்கு முறை பணம் வரும் என்பதால் விலை துல்லியமாக நியாயமானது, நிறுவனத்துக்கு லாபமே இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

காப்பீடு இல்லாமல் பெர்னூலியின் மடக்கையை வைத்துக் கணக்கிட்டால், இந்த நிச்சயமற்ற வரவு அவருக்கு உறுதியான சுமார் 41,900 ரூபாய்க்குச் சமம். கெட்ட நான்கு பருவத்திலும் தவறாமல் பணம் வந்தால், கெட்டாலும் 42,000, நன்றாயிருந்தால் 52,000. இது உறுதியான 49,800க்குச் சமம். ஏறக்குறைய 8,000 ரூபாய் ஆதாயம். பாடநூல் காப்பீடு இதுதான், காயஸுக்குக் கிடைத்ததும் இதுதான். கப்பல் மூழ்கினால் மூழ்கியதுதான், அதில் சந்தேகமில்லை.

இப்போது மானி பாதிக்குப் பாதிதான் ஒத்துப்போகிறது என்று வையுங்கள். கெட்ட நான்கு பருவத்தில் இரண்டுக்குப் பணம் வரும், இரண்டுக்கு வராது. பயிர் நன்றாயிருக்கும் வேறு இரண்டு பருவத்தில் சும்மா வந்து நிற்கும். சராசரி வரவு இப்போதும் அதே 50,000, விலை இப்போதும் நியாயமானது. ஆனால் பயிரும் போய்ப் பணமும் வராத அந்த இரண்டு பருவத்தில் கையில் மிஞ்சுவது 2,000 ரூபாய். மொத்தத்தையும் சேர்த்தால் உறுதியான 38,900க்குத்தான் சமம். காப்பீடே இல்லாத 41,900ஐவிட 3,000 குறைவு! அதே ஆள், அதே அச்சம், அதே சூத்திரம். விடை மட்டும் தலைகீழ்.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தை இதோடு ஒப்பிட வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊரில் இருப்பது அநேகமாக அதுதான். 2016இல் வந்தது. காரீப் (தென்மேற்குப் பருவமழைக் காலம்) உணவுப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, ராபிக்கு (குளிர்காலப் பருவம்) 1.5, வணிகப் பயிருக்கும் தோட்டக்கலைப் பயிருக்கும் 5. மீதிப் பிரீமியத்தை அரசுகள் கட்டுகின்றன. விலை இவ்வளவு குறைந்தால் நான் மேலே போட்ட கணக்கு மாறும், பல நேரங்களில் கட்டுவதே லாபம். ஆனால் முக்கியப் பயிர்களுக்கு இழப்பீடு அவரவர் வயலைப் பார்த்து வருவதில்லை. ஊர் அளவில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, அந்த மகசூலை எல்லை மகசூலோடு ஒப்பிடுகிறார்கள். கடந்த ஏழு ஆண்டில் நல்ல ஐந்தின் சராசரியை எடுத்து, அதில் நிர்ணயித்த விழுக்காடுதான் அந்த எல்லை. ஆலங்கட்டி, வயலில் நீர் தேங்குவது போன்ற சிலவற்றுக்குத் தனி வயல் ஆய்வு உண்டு. மற்றபடி மழைமானியின் இடத்தில் ஊர்ச் சராசரி. கண்மாய்த் தண்ணீர் எட்டும் வயலும் எட்டாத கடைமடை வயலும் ஒரே கணக்கில் வருகிற ஊர்களில், ஒத்துப்போகாத சிக்கல் அப்படியே இருக்கிறது. 2020 காரீப்பிலிருந்து கடன் வாங்கிய விவசாயிக்கும் இது கட்டாயமில்லை, விரும்பினால் சேரலாம். ஆகவே வேண்டாம் என்பது இப்போது அவருடைய சொந்த முடிவு.

இன்னும் ஒரு படி இருக்கிறது. பாதிக்குப் பாதி என்று நான் எழுதினேன். அந்தப் பாதியை விவசாயிக்கு யார் சொன்னது?

1921இல் பிராங்க் நைட் இடரையும் நிச்சயமின்மையையும் பிரித்தார். நிகழ்தகவு தெரிந்தது இடர். அதுவே தெரியாதது நிச்சயமின்மை. இதைச் சோதனையாக்கிக் காட்டியவர் டேனியல் எல்ஸ்பர்க், 1961இல். வியட்நாம் போர் பற்றிய பென்டகன் ஆவணங்களைப் பின்னாளில் வெளியிட்டவரும் அவரேதான். ஒரு குடத்தில் 90 பந்து. 30 சிவப்பு. மீதி 60 கறுப்பும் மஞ்சளும், ஆனால் எது எத்தனை என்று தெரியாது. சிவப்பு வந்தால் பரிசா, கறுப்பு வந்தால் பரிசா? பெரும்பாலோர் சிவப்பு என்பார்கள். சிவப்பு அல்லது மஞ்சளா, கறுப்பு அல்லது மஞ்சளா? இப்போது பெரும்பாலோர் கறுப்பு அல்லது மஞ்சள் என்பார்கள். முதல் விடையின்படி கறுப்பு 30க்குக் குறைவு என்று நினைக்க வேண்டும், இரண்டாவதின்படி 30க்கு மேல். சாவேஜின் விதி இதை ஏற்காது. ஆனால் அவர்கள் செய்தது எளிது: எண்ணிக்கை தெரிந்த பக்கமாகவே இரண்டு முறையும் நின்றார்கள். 1989இல் கில்போவாவும் ஷ்மைட்லரும் இதற்கொரு கோட்பாடு தந்தார்கள். நிகழ்தகவு ஒன்றாக இல்லாமல் பல சாத்தியங்களாகத் தெரியும்போது, அவற்றில் ஆக மோசமானதை எடுத்துக்கொண்டு, அதிலும் எது மேலோ அதைத் தேர்கிறார்கள்.

மழை விவசாயிக்குச் சிவப்புப் பந்து. முப்பது வருடமாகப் பார்த்துவருகிறார், பத்து வருடத்தில் எத்தனை பொய்க்கும் என்று தெரியும். காப்பீடு கறுப்புப் பந்து. அந்த மானி தன் வயலோடு எத்தனை முறை ஒத்துப்போகும், பரிசோதனை எந்த வயலில் நடக்கும், பணம் எந்த மாதம் வரும், வந்தாலும் கணக்கில் ஏறுமா என்று அவருக்குத் தெரியாது. பழைய பதிவேடுகளை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இதெல்லாம் இடர், விவசாயிக்கு நைட் சொன்ன நிச்சயமின்மை. வானத்தின் மேல் இருக்கும் நிச்சயமின்மையைக் குறைக்கிறேன் என்று சொல்லி, ஓர் அலுவலகத்தின் மேல் இருக்கும் நிச்சயமின்மையை அவர் தலையில் வைக்கிறோம்.

இதனால்தான் நம்பிக்கை என்பது உணர்ச்சிப் பேச்சாக இல்லாமல் பொருளாதார மாறியாக வருகிறது. ஆந்திரத்திலும் குஜராத்திலும் கோல் முதலானோர் நடத்தி 2013இல் வெளியிட்ட சோதனைகளில், விலை குறைந்தால் வாங்குகிறவர் கூடினார்கள். ஆனால் விலையை மட்டும் குறைத்துப் பரவலாக்க முடியாது என்பதும் தெரிந்தது. விதைப்பு நேரத்தில் கையில் காசில்லாததும் நம்பிக்கையின்மையும் பெரிய தடைகளாக நின்றன. வட கானாவில் கார்லான் முதலானோர் செய்த ஆய்வில், தனக்கோ தெரிந்தவர்களுக்கோ இழப்பீடு வந்ததைப் பார்த்தவர்கள் மறு வருடம் அதிகமாக வாங்கினார்கள். குடத்தைக் கவிழ்த்துப் பந்துகளை எண்ணிக் காட்டியதைப் போல.

இழப்பு வெறுப்பு என்று கானெமன், ட்வெர்ஸ்கி பெயரைச் சொல்லி முடித்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். பிரீமியம் உறுதியான இழப்பு, இழப்பு வரும் பக்கத்தில் மனிதர்கள் துணிந்துவிடுவார்கள், அதனால் கட்டுவதில்லை என்று. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் அதை முதல் விளக்கமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அது கோளாறை விவசாயியின் மனத்தில் வைக்கிறது. அப்படி வைத்துவிட்டால் அடுத்து வருவது விழிப்புணர்வு முகாம்தான். மழைமானியை அருகில் வைப்பதோ, பரிசோதனை எண்ணிக்கையைக் கூட்டுவதோ, இழப்பீட்டை அடுத்த விதைப்புக்கு முன் தருவதோ பேச்சிலேயே வராது.

காப்பீடு தேவையில்லை என்று நான் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தேவை மிகப் பெரியது. அதே இக்ரிசாட் ஊர்களின் தரவை வைத்து ரோசன்ஸ்வைக்கும் பின்ஸ்வாங்கரும் 1993இல் காட்டியதைப் பாருங்கள். பருவமழையின் நிச்சயமின்மை கூடும்போது இல்லாத விவசாயி லாபம் குறைந்த, பாதுகாப்பான வழிகளுக்கு ஒதுங்குகிறார். இருப்பவர் ஒதுங்குவதில்லை. சொத்தில் கடைசிக் கால்பங்கில் இருப்பவர்களுக்கு இந்த ஒதுங்கலால் லாபத்தில் 35 விழுக்காடு வரை போகிறது. கம்பும் துவரையும் கலந்து விதைப்பது, உரத்தைக் குறைப்பது, ஆடு வைத்துக்கொள்வது, ஒரு பிள்ளையைத் திருப்பூருக்கு அனுப்புவது எல்லாமே அவர் வீட்டளவில் கட்டும் பிரீமியம். ரசீது கிடையாது, ஆனால் விலை உயர்ந்தது. கானாவில் காப்பீடு கிடைத்த விவசாயிகள் நிலத்தில் அதிகமாக முதலீடு செய்ததும் இதையே காட்டுகிறது.

ஆகவே களத்துக்கு மறுபடி போகும்போது, 'நீங்கள் இடருக்கு அஞ்சுகிறவரா' என்று அளக்கும் கேள்வித்தாளோடு மட்டும் போகாதீர்கள். மூன்று கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள். கடந்த பத்துப் பருவத்தில் உங்கள் வெள்ளாமை எத்தனை முறை போனது? அதில் எத்தனை முறை ஊருக்கு இழப்பீடு அறிவித்தார்கள்? அறிவித்த பணம் எந்த மாதம் உங்கள் கைக்கு வந்தது? முதல் எண்ணுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள இடைவெளியை, மேலே நான் போட்ட கணக்கில் பாதிக்குப் பாதி என்ற இடத்தில் வைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். இரண்டாம் கேள்விக்கு 'தெரியாது' என்றால் அதைத் தரவு விடுபட்டது என்று ஒதுக்கிவிடாமல், அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். எல்ஸ்பர்க்கின் குடம் அங்கேதான் இருக்கிறது.